உப்புத்தண்ணி டாக்டர்

டாக்டரம்மா டிவியைச் சுவரிலிருந்து கழற்றியது ஒரு சாயங்காலம், கிளினிக் நிரம்பி வழிந்த நேரம். ஷூ கம்பெனி விட்டு வேனில் வந்து இறங்கிய பெண்கள் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் மடியில் கிடந்த குழந்தைக்குக் கண் செருகி, கை கால் வெட்டி இழுத்தது. தாய்க்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவளுக்கும் தெரியவில்லை. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த டாக்டரம்மாதான் ஓடிவந்து குழந்தையை வாரிக்கொண்டு போனார்.

ஜன்னி நின்று குழந்தை கண் திறந்து அழுத பிறகு வெளியே வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். ஒயரைப் பிடுங்கி, டிவியைத் தூக்கிக் கம்பவுண்டர் அண்ணன் கையில் கொடுத்தார்.

“இனிமே இங்க ஒருத்தியும் சீரியல் பார்க்கக் கூடாது. உங்க புள்ளையப் பாருங்கடி! அதுக்குத்தானே வந்தீங்க?”

ஒருத்தி மட்டும் மெதுவாக, “முடியப் போவுது டாக்டர், இன்னும் கொஞ்சம்தான்” என்றாள். டாக்டரம்மா அவளைப் பார்த்த பார்வையில் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டாள்.

ஆம்பூரில் அந்தக் குழந்தைகள் கிளினிக்கில் டோக்கன் போடுவது அப்போது என் வேலை. டாக்டரம்மாவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் போன் போட்டுத் திட்டுவார். குள்ளமான உருவம். புடவை முந்தானையை இடுப்பில் செருகியிருப்பார். மூக்குக் கண்ணாடி எப்போதும் தலை மேல் இருக்கும், அதைத் தேடிக்கொண்டே எங்களைத் திட்டுவார். திட்டாமல் அவரால் ஒரு வேளை மருந்துகூட எழுத முடியாது. “புட்டிப் பால் எவ சொன்னா?” “கண்ணுக்கு எண்ணெய் ஊத்தினியா? உன் கண்ணுல ஊத்திக்கோ!” வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்கும். நானே இரண்டு முறை வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்ததுண்டு.

ஆனால் அவரிடம் ஒரு விசித்திரம் இருந்தது. வாயில் இருந்த அவசரம் கையில் கிடையாது. காய்ச்சல் என்று வந்த பிள்ளைக்கு அன்றைக்கே ஊசி போட மாட்டார். தொட்டுப் பார்ப்பார், நாக்கைப் பார்ப்பார், வயிற்றை அமுக்குவார், காய்ச்சலுக்குச் சிரப் மட்டும் எழுதி, தண்ணீர் கொடு, பார்த்துக்கிட்டே இரு, நாளைக்கு வா என்பார். இதைத்தான் ஊரால் பொறுக்க முடியவில்லை. அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு ஊசி வேண்டும். ஊசி போடாத டாக்டர் என்ன டாக்டர் என்று என் முகத்துக்கு நேராகவே கேட்பார்கள்.

டிவி போன சுவர் கொஞ்ச நாள் காலியாக இருந்தது. அப்புறம் வேலூரிலிருந்து வளர்ப்பு மீன் கடை பாய் வந்து அளவெடுத்துக்கொண்டு போனார். கண்ணாடித் தொட்டி வைக்கப் போகிறார்கள் என்றதும் எல்லோரும் தங்க மீன் என்று நினைத்தோம். பாயும் அதைத்தான் சொன்னார். “கோல்டு ஃபிஷ் போடுங்க மேடம். கடல் மீனு ரொம்ப பேஜாரு.”

“எனக்குக் கடல் மீன்தான் வேணும்.”

“எதுக்கு மேடம் வம்பு?”

“நான் ஜோலார்பேட்டையில ரயில்வே குவார்ட்டர்ஸ்ல வளர்ந்தவ. காலேஜுக்குப் போய்த்தான் கடலைப் பார்த்தேன். இந்தப் புள்ளைங்க பாலாத்துலயே தண்ணி பார்த்ததில்ல. நீ கொண்டு வா.”

தொட்டி வந்தது. சுவரில் பாதி நீளம். மணல் போட்டார்கள், துளைத்துளையாய் இருந்த பாறைகளை அடுக்கினார்கள். நீல டிரம்மில் வடிகட்டிய தண்ணீரைப் பிடித்து, மூட்டை மூட்டையாய் வந்த உப்பைக் கரைத்தார்கள். தொட்டிக்குள் மோட்டார் ஓடியது. தண்ணீர் சூடாகக் கூடாது என்று ஹாலில் ஏசி போட்டார்கள். பிள்ளைகளுக்கு இல்லாத ஏசி மீனுக்கு என்று பேசினார்கள். அந்த ஏசிக் காற்றில் பிள்ளைகளைத் தூங்கப் போட்டுக்கொண்டே பேசினார்கள்.

உப்புதான் பெரிய விஷயமாகிவிட்டது. எங்கள் ஊரில் போர் பைப்பைத் திறந்தால் வருவதே உப்புத் தண்ணீர். பக்கெட்டில் வெள்ளை படியும், பருப்பு வேகாது, குடிக்கிற தண்ணீரைக் கேனில் வாங்குகிறோம். அந்த ஊரில் ஒரு டாக்டர் நல்ல தண்ணீரில் உப்பை வாங்கிப் போடுகிறார். அன்றிலிருந்து அவருக்கு ‘உப்புத்தண்ணி டாக்டர்’ என்று பெயர் விழுந்தது.

தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்கிற ஒரு பெண், மகனுக்குத் தடுப்பூசி போட வந்தவள், நேராகவே கேட்டுவிட்டாள். “இன்னா டாக்டர், எங்க தெருத் தண்ணிய ரெண்டு கொடம் கொண்டாந்து ஊத்தினா போதாதா? அதுலயே ஜாஸ்தி உப்பு இருக்குதே.”

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“அந்தத் தண்ணிய ஊத்தினா இதுல ஒரு புழுகூட உயிரோட இருக்காது. கடல் உப்பு வேற, உங்க தெருவுல இறங்கியிருக்கிறது வேற. அதுல உப்பு மட்டுமா இருக்குது? நீ அதைக் குடிக்கிறியா?”

“சமையலுக்கு மட்டும்தான் டாக்டர்.”

“சமையலுக்கு மட்டும்!” டாக்டரம்மாவின் குரல் உடைந்துபோகிற மாதிரி ஏறியது. “தண்ணி ஆவியாப் போய்டும், உப்பு எங்கயும் போகாது. தோல் கழிவைக் கொட்டினவன் கார்ல போய்டுவான். நீ அந்தத் தண்ணியில சோறு ஆக்கிப் புள்ளைக்குப் போட்டுட்டு, வயித்து வலின்னு என்கிட்ட வருவே. சிரிக்கறீங்களேடி, எப்படிடி சிரிப்பு வருது?”



தொட்டியில் மீன் இல்லை. வாரக்கணக்கில் இல்லை. வெறும் கல்லும் தண்ணீரும். காலையில் வந்ததும் டாக்டரம்மா சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை எடுத்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுவதை வெளிச்சத்தில் பார்ப்பார். மஞ்சளாக இருக்க வேண்டியது பச்சையாக இருக்கும். தண்ணீரில் விஷம் இருக்கிறது, அதைத் தின்கிற கிருமி பாறையில் வளர்ந்தால்தான் மீன் விடலாம் என்பார். வருகிறவர்கள் எல்லாம் என்னிடம் “மீனு எங்க? மீனு எப்ப?” என்று கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

அப்புறம் பாசி வந்தது. முதலில் பழுப்புத் தூசி மாதிரி மணல் மேலும் கண்ணாடி மேலும் படிந்தது. துடைத்தால் மறுநாள் மறுபடியும் இருக்கும். அது தானாகக் குறைந்தபோது பாறையெல்லாம் பச்சை மயிராகத் தொங்க ஆரம்பித்தது. பார்க்கச் சகிக்கவில்லை. “சாக்கடை மாதிரி இருக்குது, எடுத்துப் போட்டுட்டு வேற வெக்கலாமே” என்று நானே சொன்னேன். பாய் ஒரு பாட்டிலோடு வந்தார்.

“இந்த மருந்தை ஊத்துங்க மேடம், காலையில பாசி எல்லாம் போய்டும்.”

“எங்க போகும்?”

“செத்துப் போய்டும் மேடம்.”

“செத்தது எங்க போகும்? இதே தண்ணியில அழுகும். அழுகினது விஷமாகும். அதுக்கு ஒரு மருந்து கொண்டு வருவியா? பாசி ஏன் வருதுன்னு பாரு, பாய். வெளிச்சம் ஜாஸ்தி, தண்ணியில அதுக்குத் தீனி ஜாஸ்தி. ரெண்டையும் கம்மி பண்ணினா அதுவே பட்டினி கிடந்து போகும். பாட்டிலை எடுத்துட்டுப் போ.”

வெளிச்சத்தைக் குறைக்க அவர் செய்ததெல்லாம் எங்கள் தலையில்தான் விழுந்தது. சாயங்கால வெயில் மேற்கு ஜன்னல் வழியாகத் தொட்டி மேல் விழுகிறது என்று கண்டுபிடித்தார். கையில் கிடைத்த பழைய எக்ஸ்ரே படங்களை எல்லாம் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார். வெயில் வந்தால் ஜன்னல் முழுக்கப் பிள்ளைகளின் விலா எலும்புகள் தெரியும். தொட்டி விளக்குக்கு டைமர் வைத்தார். சாயங்காலம் மட்டும்தான் எரியும், காலையில் தொட்டி இருட்டாகக் கிடக்கும். அதைத் தொடக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு.

ஒரு நாள் காலையில் ஒரு பெரிய கம்பெனியின் மேனேஜர் பேரனோடு வந்தார். “லைட்டைப் போடச் சொல்லும்மா, பையன் பார்க்கட்டும்” என்றார். கம்பவுண்டர் அண்ணன் தயங்கித் தயங்கி உள்ளே போய்க் கேட்டார். டாக்டரம்மா அங்கிருந்தே கத்தினார்: “அவருக்காகக் கடல்ல சூரியன் சீக்கிரம் வருமா? சாயங்காலம் வரச் சொல்லு!” மேனேஜர் எழுந்து போய்விட்டார். அந்தக் கம்பெனியிலிருந்து பிள்ளைகளை அழைத்து வருவது அதோடு குறைந்தது.

இன்னொரு நாள் வந்து பார்த்தால் காலையிலேயே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்காமல் கம்பவுண்டர் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். வயசுக்கு மரியாதை இல்லை, சுற்றி நோயாளிகள் இருக்கிறார்களே என்றில்லை. அண்ணன் கண் கலங்கி நின்றார். மத்தியானம்தான் தெரிந்தது, ராத்திரி கரண்ட் போனதில் டைமர் நேரம் மாறிவிட்டிருக்கிறது. டாக்டரம்மா மறுநாள் வேறு டைமர் வாங்கி வந்தார், தானே பொருத்தினார், அண்ணனைப் பார்த்து, “தப்பு டைமர் மேல” என்றார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான். அண்ணன் ஏற்றுக்கொண்டார். எனக்கு ஆறவில்லை.

பாசி கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டரம்மா வந்து, முழங்கை வரை கையை விட்டு, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் பாறையைத் தேய்ப்பார். பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டுப் புதிதாய்க் கரைத்த உப்புத் தண்ணீர் விடுவார். பாசி தின்கிற நத்தைகளை விட்டார். குழாயில் எடுத்த தண்ணீர் ஒரு நாள் மஞ்சளாகவே நின்றது. மறுநாளும் நின்றது. அதற்கப்புறமும் அவர் பொறுத்துத்தான் பாயைக் கூப்பிட்டார்.

மீன் வந்த சாயங்காலம் எனக்கு மறக்காது. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் இரண்டு, மஞ்சளாய் ஒன்று. விளக்கு எரிந்ததும் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை, மீன்கள் அந்தரத்தில் நிற்பது போல இருந்தது. அழுதுகொண்டு வந்த பிள்ளைகள் அழுகையைப் பாதியில் விட்டுவிட்டுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டார்கள். “கண்ணாடியைத் தட்டாதே! தட்டினா உன் மண்டையில தட்டுவேன்!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அன்றைக்கு அந்தக் குரலில் கோபமே இல்லை.

அது டெங்கு காய்ச்சல் பரவிய சமயம்.

ஷூ கம்பெனியில் மேல் தோல் தைக்கிற ஒரு பெண், ஐந்து வயசு மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூட அவள் புருஷனின் அண்ணன். காய்ச்சல் இரண்டாம் நாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, “ஊசி வேணாம். வேற வலி மாத்திரை எதுவும் கொடுக்காதே. நாளைக்குக் காலையில ரத்தம் பார்க்கணும், கண்டிப்பா வா” என்று சீட்டில் எழுதி, அடியில் கோடு போட்டார். “காய்ச்சல் விட்டுடுச்சுன்னு சந்தோஷப்பட்டு வீட்டுல வெச்சிக்காதே. விடும்போதுதான் ஆபத்து. புரியுதா?” அவள் தலையாட்டினாள். அந்த ஆள் வெளியே வந்து, எனக்குக் கேட்கிற மாதிரி, “ஒரு ஊசி போட வக்கில்ல, மீன் வளர்க்கறாங்களாம்” என்றான்.

மறுநாள் அவர்கள் வரவில்லை. டாக்டரம்மா மத்தியானம் கேட்டார், சாயங்காலம் கேட்டார். சீட்டில் இருந்த நம்பருக்கு என்னைப் போன் போடச் சொன்னார். அந்த ஆள்தான் எடுத்தான். “காய்ச்சல் இறங்கிடுச்சு, வேற இடத்துல பார்த்துக்கிட்டோம்” என்று வைத்துவிட்டான். ஊசி போடுகிற இடம் ஒன்றுக்குப் போயிருக்கிறார்கள். டாக்டரம்மா போனை என்னிடமிருந்து வாங்கி மறுபடியும் போட்டார். எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த ஆளோடு ஏழெட்டு ஆண்கள் வந்தார்கள். செருப்புக் காலோடு, கத்திக்கொண்டே. குழந்தையை வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஐசியூவில் சேர்த்திருக்கிறார்களாம், பிழைக்குமா என்று தெரியாதாம், முதல் நாளே ஊசி போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காதாம். ஒருத்தன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். கம்பவுண்டர் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். அவரைத் தள்ளினார்கள். குழந்தையின் பெரியப்பனான அந்த ஆள் இரும்பு நாற்காலியைத் தூக்கித் தொட்டி மேல் அடித்தான். முதல் அடியில் விரிசல் விட்டது. இரண்டாவது அடியில் கண்ணாடி அப்படியே வெளியே விழுந்தது.

ஹால் முழுக்கத் தண்ணீர். கேஸ் சீட்டுகள், செருப்புகள், பால் புட்டி எல்லாம் மிதந்தன. அண்ணன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார். உட்கார்ந்திருந்த பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். ராத்திரியெல்லாம் போன் போட்டு டாக்டரம்மாவை எழுப்பியவர்கள், அவர் கையால் பிழைத்த பிள்ளைகளை வைத்திருப்பவர்கள். ஒருத்திகூடத் திரும்பி நின்று, “ஏன்டா இப்படிப் பண்றீங்க?” என்று கேட்கவில்லை. தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

டாக்டரம்மா வெளியே வந்தார். தொட்டியைப் பார்க்கவே இல்லை. வெறுங்காலோடு கண்ணாடித் துண்டுகள் கிடந்த தண்ணீரில் இறங்கி நேராக அந்தப் பெரியப்பன் எதிரில் போய் நின்றார்.

“புள்ள எப்படி இருக்குது?”

அவன் முறைத்தான்.

“கேக்கறேன் இல்ல? எந்த வார்டு? பிளேட்லெட் எவ்ளோ? ஊசி போட்டவன் யாரு, என்ன மருந்து போட்டான்? அதை அங்க இருக்கிற டாக்டர்கிட்ட சொன்னீங்களா? வாயைத் திறந்து சொல்லுடா!”

அவர்களில் ஒருவன்தான் மெல்ல, “அது சொல்லல” என்று, ஊசி போட்டவன் யாரென்று சொன்னான். டாக்டரம்மா காரை எடுத்துக்கொண்டு வேலூருக்குப் போய்விட்டார். பாதத்தில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. ஊசி போட்டவனுக்கு வழியெல்லாம் போன் போட்டு, மருந்தின் பெயரை வாங்கி, அங்கே இருந்தவர்களிடம் சொல்லியிருக்கிறார். நானும் அண்ணனும் தரையில் துடித்த மீன்களைப் பொறுக்கி நீல டிரம்மில் விட்டோம். மஞ்சள் மீன் செத்துவிட்டது. பாய் அன்றைக்கே வந்து கோமாளி மீன்களைக் கவரில் எடுத்துக்கொண்டு போனார். 

குழந்தை பிழைத்துக்கொண்டது. வீடியோ மட்டும் ஊரெல்லாம் சுற்றியது. டாக்டர் அலட்சியம் என்று மேலே எழுதியிருந்தது.

அப்புறம் சமாதானம் பேசுகிறோம் என்று ஊர்ப் பெரியவர்கள் சிலர் கிளினிக்கில் உட்கார்ந்தார்கள். கிளினிக் கட்டிடத்தின் சொந்தக்காரரும் இருந்தார். பெரியப்பன் கால் மேல் கால் போட்டுக்கொண்டு சொன்னான்: “லேட் பண்ணதுக்கு அவங்க ஒரு வார்த்தை சாரி சொல்லட்டும். நாங்களும் தொட்டிக்குச் சாரி சொல்றோம்.” பெரியவர்கள், நியாயம்தானே என்கிற மாதிரி டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். 

“தொட்டிக்கு எவனும் சாரி சொல்ல வேணாம்” என்றார் டாக்டரம்மா. “அந்தப் புள்ளைகிட்ட போய்ச் சொல்லு. நாளைக்கு வான்னு எழுதிக் கொடுத்தேன். ஊசிக்குத் தூக்கிட்டுப் போனவன் நீ.”

“பொம்பளைக்கு இவ்ளோ கோவம் ஆவாதும்மா” என்றார் ஒரு பெரியவர். இத்தனை வருஷம் அவர் பேரப்பிள்ளைகளைப் பார்த்தது அந்தக் கோபம்தான். கட்டிடக்காரர், பிரச்சனை வேண்டாம், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். டாக்டரம்மா வேறு மாவட்டத்துக்கே போய்விட்டார். போலீசுக்குப் போகலாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். “புள்ள பொழைச்சிடுச்சு இல்ல, விடு” என்று அதற்கும் என்னைத்தான் திட்டினார்.

இப்போது நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறேன். வருகிறவர்கள் கேட்பார்கள்: “அந்த லேடி டாக்டர் கைராசி, எங்க போய்ட்டாங்க?” வீடியோவை ஊருக்கெல்லாம் அனுப்பியவர்களும் கேட்பார்கள். தெரியாது என்பேன். டாக்டரம்மாவின் நம்பர் என் போனில் இருக்கிறது.

போன மாதம் அந்தத் தாய் வந்தாள். மகள் வளர்ந்திருந்தாள், தோளில் துவண்டு கிடந்தாள். காய்ச்சல். அவள் கடையில் மருந்து கேட்கவில்லை. “அக்கா, டாக்டரம்மா நம்பர் தருவீங்களா?” என்றாள்.

தெரியாது என்றுதான் சொல்ல வந்தேன். அவள் தானாகவே பேசினாள். “அன்னிக்கு ரத்தம் பார்க்கப் போலாம்னு நான் சொன்னேங்க்கா. விடல. அப்புறம் நான் ஐசியூ வாசல்ல இருந்தேன். தொட்டிய உடைச்சதே டாக்டரம்மா காலைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.”

நான் என் போனில் நம்பரைப் போட்டு அவளிடம் கொடுத்தேன். அவள் யாரென்று சொல்லி முடிப்பதற்குள் மறுபக்கம் கத்தல் ஆரம்பித்துவிட்டது. கல்லாவுக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. எத்தனாவது நாள், வாந்தி இருக்கா, ஒண்ணுக்கு எப்ப போனா, ஏன்டி இவ்ளோ நேரம் நின்னுட்டிருக்கே, போய் ரத்தம் குடு, ரிசல்ட்டை எனக்கு அனுப்பு. அவள் “சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர்” என்று அழுதுகொண்டே தலையாட்டினாள்.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்: “டாக்டரம்மாவுக்கு எங்க மேல கோவம் இருக்குதாக்கா?”

“அவங்களுக்கு இல்ல” என்றேன். “எனக்கு இருக்குது.”

 அவள் மகளை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, லேப் எந்தப் பக்கம் என்று கேட்டாள். கையை நீட்டிக் காட்டினேன்.